வேலைக்குத் திரும்ப 6 வாரம்: பம்ப், புனல், பை, பேட்… எதை வாங்கணும், எதை விடலாம்?

ஓஎம்ஆர்_பயணி

வணக்கம். குழந்தைக்கு நாலு மாதம் முடிஞ்சிருக்கு, முழுக்கத் தாய்ப்பால்தான். 26 வார லீவு முடிய இன்னும் 6 வாரம். காலையில 7.15-க்குக் கிளம்பினா வீடு திரும்ப 6.45 ஆகும். ஆபீஸ்ல சின்ன அறை தர்றாங்க, ப்ளக் பாயின்ட் உண்டு. ஃப்ரிட்ஜ் எல்லாருக்கும் பொது. வீட்டில் மாமியார் பார்த்துப்பாங்க.

கைப்பம்ப் போதுமா, எலெக்ட்ரிக் வேணுமா? பிராவுக்குள்ளேயே வைக்கிற பம்ப் விளம்பரம் வந்துட்டே இருக்கு, அது ஒண்ணு போதுமா? அண்ணி அமெரிக்காவிலிருந்து வர்றாங்க, அங்கேருந்து வாங்கிட்டு வரச் சொல்லலாமா? ஒரு கடையோட பட்டியல்ல 22 பொருள் போட்டிருக்கான். படிச்சாலே தலை சுத்துது.

வேப்பமரம்

கைப்பம்ப்பை மட்டும் நம்பாதீங்க. ஒரு பக்கம் 15 நிமிஷம்னா ரெண்டு பக்கத்துக்கு அரை மணி. பதினொன்றரை மணி நேரத்துல குறைஞ்சது மூணு தடவை எடுக்கணும். வேலைநேரத்துல ஒன்றரை மணி நேரம் போயிடும், மணிக்கட்டு வலி தனி. ரெண்டு பக்கமும் சேர்த்து எடுக்கிற டபுள் எலெக்ட்ரிக்னா தடவைக்கு 15–20 நிமிஷம். ஆனா மலிவான கைப்பம்ப் ஒண்ணு பையில கிடக்கட்டும், சார்ஜர் மறந்த அன்னைக்கு உதவும்.

பிராவுக்குள் வைக்கிற வகை ரெண்டாவது பம்ப்பா இருந்தா சரி. இழுவை பொதுவா கொஞ்சம் குறைவு, காம்பு நடுவுல உட்கார்ந்திருக்கான்னு பார்க்க முடியாது, நிரம்பின பிறகு குனிஞ்சா கொட்டும். தினம் மூணு வேளையும் அதையே நம்பினா சில வாரத்துல பால் குறைய வாய்ப்பிருக்கு. கேப் டாக்ஸில வரும்போது எடுக்க வேணும்னா பிறகு யோசிங்க.

அமெரிக்காவிலிருந்து வர்றதுன்னா முதல்ல அடாப்டரைப் பார்க்கச் சொல்லுங்க. இன்புட் 100–240 வோல்ட்னு அச்சிட்டிருந்தா ப்ளக் மாத்தி மட்டும் போதும். 120 மட்டும் இருந்தா நம்ம 230-ல் செருகின நிமிஷமே போச்சு. அதைவிட முக்கியம், அந்த மாடலுக்கு வால்வும் (உள்ளே திறந்து மூடுற சின்ன ரப்பர் வாய்), புனலும் (மார்புல பொருத்துற கூம்பு) இங்கே கிடைக்குதா? வாரன்டி இங்கே செல்லுமா? ஸ்பெக்ட்ரா மாதிரி இங்கேயும் விற்கிற பிராண்டுன்னா உதிரிபாகக் கவலை குறைவு. அதுல எஸ்1-க்கு உள்ளே பேட்டரி உண்டு, எஸ்2-க்குக் கிடையாது, எப்பவும் ப்ளக்கில் இருக்கணும்.

எந்த பிராண்டா இருந்தாலும் ‘க்ளோஸ்டு சிஸ்டம்’ கேளுங்க. பாலுக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். அது இல்லாத பம்ப்ல பால் குழாய்க்குள்ள ஏறி, மோட்டார் வரை போய்ப் பூஞ்சை பிடிக்கும். அங்கே கையை விட்டுக் கழுவ முடியாது. அதனாலதான் அந்த வகையைப் பழசா வாங்கக் கூடாது, அக்கா தங்கச்சிக்குள்ளயும் கைமாத்தக் கூடாது.

இனி மோட்டாரைவிடப் பெரிய விஷயம்: புனல். கடையில ஃப்ளாஞ்ச்னு கேளுங்க. பெட்டியோட வர்றது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், சிலதுல 28-உம் சேர்ந்து வரும். நிறைய பேருக்கு ரெண்டுமே பெரிசு. காம்போட அடிப்பகுதியில குறுக்களவு எடுங்க, கருவட்டத்தைச் சேர்க்காதீங்க. பால் எடுக்கிறதுக்கு முன்னாடி அளக்கணும், எடுத்த பிறகு வீங்கியிருக்கும். ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க, ஒரே அளவா இருக்கணும்னு இல்ல. வந்த எண்ணோட 0 முதல் 3 வரை கூட்டினா அதுதான் உங்க புனல். 16 வந்தா 17 அல்லது 19. தனிப் புனல் கிடைக்கலேன்னா 24-க்குள்ள செருகுற சிலிக்கான் இன்சர்ட் 13, 15, 17, 19, 21-ல கிடைக்கும். காசை வெச்சு அளக்கச் சொல்ற வீடியோவை விட்டுடுங்க. நம்ம ஊர்ல பழைய ஒரு ரூபாயும் புது ஒரு ரூபாயும் ஒரே அளவு இல்ல. பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

கூவக்கரை

பம்ப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. நான் பால் கணக்குக்கு வருகிறேன், பயத்தில் தேவைக்கு மேல் வாங்குவது இங்கேதான்.

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி. குழந்தைக்குக் குழந்தை கூடும் குறையும், ஆனால் மாதம் ஏற ஏற அளவு பெரிதாக ஏறாது. மணிக்கு 30 மில்லி சொச்சம். உங்கள் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சுமார் 360, கைக்காவலுக்குச் சேர்த்து 400 என்று வையுங்கள். கிளம்பும் முன்பும் வந்தவுடனும் நேரடியாகக் கொடுத்தால் இடையில் 90 முதல் 120 மில்லியாக மூன்று அல்லது நான்கு வேளை.

ஃப்ரீசர் நிறையச் சேமிக்கத் தேவையில்லை. முதல் நாளுக்கு 400, தவறினால் இன்னொரு நாளுக்கு 400. அதற்குப் பிறகு திங்கள் எடுத்தது செவ்வாய்க்கு, வெள்ளி எடுத்தது திங்களுக்கு. ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 4 நாள் நிற்கும். காலை முதல் பாலூட்டல் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தினமும் ஒரு முறை எடுத்து 60 மில்லி வந்தால் இரண்டு வாரத்தில் 840. ஆகவே சேமிப்பு வேலையை மூன்று வாரம் முன்பு தொடங்கினாலும் போதும். முழுநேரமும் நேரடியாகக் கொடுக்கும் நாட்களில், இடையில் எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 15 முதல் 60 மில்லி வருவது இயல்பு. அதைப் பார்த்துப் ‘பால் இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உறைய வைக்க, பைக்கு 60 மில்லி என்றால் பால் சேமிக்கும் பைகள் 14 ஆகிறது. 30 பை கொண்ட ஒரு பாக்கெட் தாராளம். பை மீது அச்சிட்ட கோடு துல்லியமாக இருக்காது, பாட்டிலில் அளந்து ஊற்றுங்கள். உறையும்போது பால் விரியும் என்பதால் மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு, தேதி எழுதி, தட்டில் படுக்க வைத்து உறைய விடுங்கள். பிறகு ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் அடுக்குங்கள். ஐஸ் படியும் பழைய ஃப்ரீசரில் பை சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிடித்து இழுத்தால் கிழியும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள் ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தனிக் கதவு உள்ள ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது.

வெளியில் வைக்கும் கணக்கு நம் ஊருக்கு மாறும். 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கு. சென்னை மே மாதத்தில் அந்த அறை ஏசி அறை மட்டும்தான். மற்ற இடத்தில் எடுத்தவுடன் குளிருக்குப் போக வேண்டும். உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் தாங்கும். கேப்பில் மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை. ஆபீஸ் ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள், பெயர் எழுதிய ஒளி புகாத டப்பாவில். யாரும் காபிக்கு ஊற்றிவிட மாட்டார்கள்.

மாமியாருக்கு: உறைந்த பையை முந்தின இரவே கீழ்த் தட்டுக்கு மாற்ற வேண்டும். முழுக்க இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் வைத்து அதில் பாட்டிலை நிறுத்தினால் போதும். அடுப்பு வேண்டாம். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் சில்லென்று இருக்கும். மேலே ஏடு பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளமில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்த மிச்சம் 2 மணி நேரத்துக்குப் பிறகு கீழேதான்.

ஒன்று மட்டும் இன்றே சோதியுங்கள். ஒரு பையை உறைய வைத்து, ஒரு வாரம் கழித்து இளக்கி முகர்ந்து பாருங்கள். சிலருடைய பாலில் லிபேஸ் என்ற நொதியால் சோப்பு வாடை வரும். கெட்டுப்போனதில்லை, ஆனால் குழந்தை துப்பிவிடலாம். அப்படியானால் உறைய வைப்பதற்கு முன் ஓரத்தில் சிறு குமிழ் வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, உடனே குளிர வைக்க வேண்டும். 800 மில்லி சேர்ந்த பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும்.

சங்குப்பால்

எல்லாரும் பாட்டில் பாட்டில்னு சொல்றீங்க. குழந்தைக்குக் கொடுக்க பாட்டிலே வேணும்னு யார் சொன்னா? நம்ம வீட்டுச் சங்கு, பாலாடை (மூக்கு வெச்ச சின்னக் கிண்ணம்), சின்ன எவர்சில்வர் டம்ளர் எதுலயும் கொடுக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில குறைமாதக் குழந்தைக்கே பாலாடையிலதான் கொடுக்கிறாங்க. மூலை முடுக்கு கிடையாது, கழுவ நொடி, நிப்பிளுக்குப் பழகி மார்பை மறுக்கிற குழப்பம் இல்ல. நிமிர்த்தி உட்கார வெச்சு, கீழ் உதட்டுல விளிம்பைத் தொட வைங்க, குழந்தை தானா உறிஞ்சும். வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, புரையேறும். ரெண்டு வாரம் முன்னாடியே மாமியார் கையால பழக்குங்க. நீங்க அதே அறையில இருந்தா வாங்க மாட்டான், வெளியே போயிடுங்க.

பாட்டில்தான் வேணும்னா ஐஎஸ் 14625 முத்திரை பார்த்து ரெண்டு வாங்குங்க, மெதுவான நிப்பிள். பாட்டிலைப் படுக்கை வசமாப் பிடிச்சு, நடுநடுவே நிறுத்திக் கொடுக்கணும். கவிழ்த்துப் பிடிச்சா 120 மில்லி அஞ்சு நிமிஷத்துல காலி, அப்புறம் ‘உன் பால் பத்தல’ன்னு பேச்சு வரும். ஃபீடிங் பாட்டிலுக்கு நம்ம நாட்டுல 1992 சட்டப்படி விளம்பரமே கூடாது. பம்ப்புக்கு அந்தத் தடை இல்ல, அதான் உங்க ஃபோன் முழுக்க அது வருது.

காஞ்சி_பாட்டி

அந்த 22 பொருள்ல முக்கால்வாசியை அடிச்சிடும்மா. பாட்டில் சூடாக்கும் மெஷினுக்குக் கிண்ணத்து வெந்நீர். ஸ்டெரிலைசருக்கு இட்லிப் பானை: தட்டுல வெச்சு ஆவியில 10 நிமிஷம், பிளாஸ்டிக் அடியில படக் கூடாது. குக்கர்ல வெயிட் போட்டு வைக்காதே, வளைஞ்சிடும். பாலூட்டும் தலையணைக்கு வீட்டுத் தலையணை ரெண்டு, மறைப்புத் துணிக்குத் துப்பட்டா.

பேட் வேணும், ஆபீஸ்ல பால் கசியும். துவைக்கிற பருத்தி பேட் 8 வாங்கு, இல்லேன்னா பழைய வேட்டியை நாலு மடிப்பா வட்டமா வெட்டித் தைச்சுக்கோ. பின்னால பிளாஸ்டிக் ஒட்டினது நம்ம வெயிலுக்கு ஆகாது. ஈரம் தங்கினா பூஞ்சை வரும், காம்பு எரியும், குழந்தை வாயிலயும் வெள்ளை படியும். நனைஞ்சா உடனே மாத்திடணும்.

பிரா மூணு, கம்பி இல்லாதது, பருத்தி. கொக்கி கடைசி வரிசையில இறுக்கமாப் போட்டா பால்கட்டு வரும். பம்ப் பண்ண மட்டும் புனலைப் பிடிச்சுக்கிற பட்டை ஒண்ணு இருந்தா கை சும்மா இருக்கும். காசு மிச்சம் பண்ணணும்னா பழைய ஸ்போர்ட்ஸ் பிராவில் ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டை வெட்டிக்கோ. உடைக்கு முன்பக்க ஜிப் குர்த்தி. சேலைன்னா இன்னும் சுலபம், ரவிக்கைக்கு முன்னாலதானே கொக்கி. லானோலின் க்ரீம் காம்புல வெடிப்பு இருந்தா மட்டும்.

ஓஎம்ஆர்_பயணி

எல்லாருக்கும் நன்றி. டபுள் எலெக்ட்ரிக், க்ளோஸ்டு சிஸ்டம் வாங்கியாச்சு. 12 நாளா எடுக்கறேன். முதல்ல 60 வந்தது, இப்போ 25-தான். இழுவை அளவை 9 வரைக்கும் ஏத்திப் பார்த்தேன், வலிதான் மிச்சம். எடுத்து முடிச்சா காம்பு நுனி வெள்ளையா இருக்கு. புனல் 24, பெட்டியில வந்ததுதான். கருவட்டமும் சேர்ந்து உள்ளே போகுது. இன்னைக்கு அளந்தேன், ரெண்டு பக்கமும் 16.

வேப்பமரம்

பதில் உங்க கடைசி ரெண்டு வரியிலயே இருக்கு. 24 உங்களுக்கு ரொம்பப் பெரிசு. கருவட்டம் உள்ளே போய் வீங்கி, பால் வர்ற வழியையே அடைக்குது. 17 இன்சர்ட் போடுங்க, உரசினா 19. சரியான புனல்ல காம்பு மட்டும் முன்னும் பின்னும் போகும், சுவரை லேசாத்தான் தொடும். சின்னதாப் போனா காம்போட அடியில வெள்ளை வளையம் தெரியும்.

இழுவை ஏத்தினா பால் கூடாது. வலிச்சா பால் இறங்குறதே நின்னுடும். முதல்ல வேகமான லேசான மோடு, பால் சொட்ட ஆரம்பிக்கும் வரை ஒண்ணு ரெண்டு நிமிஷம். அப்புறம் மெதுவான மோடு, வலிக்காத அதிகபட்ச அளவு. சிலருக்கு அது 4-தான், தப்பில்ல. ஓட்டம் நின்னதும் மறுபடி முதல் மோடுக்குப் போனா ரெண்டாவது தடவை இறங்கும். வெள்ளையாகிற நுனியை ஏசி காத்துல விடாம உடனே மூடி வைங்க. புனல் மாத்தியும் அது தொடர்ந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

ஒரு கேள்வி: அந்த வாத்து மூக்கு மாதிரி இருக்கிற வால்வை எதால கழுவறீங்க?

ஓஎம்ஆர்_பயணி

பாட்டில் பிரஷ் நுனியை உள்ளே விட்டுத்தான்.

வேப்பமரம்

அதேதான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, வாய் முழுக்க மூடுதா, கீறல் திறந்து நிற்குதா? திறந்திருந்தா இழுவை அது வழியாப் போயிடும். ஒரு பக்கம் மட்டும் இழுவை குறைவா இருந்தா ஒரு சோதனை: வலது வால்வை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாத்துங்க. பலவீனம் வால்வோட சேர்ந்து இடம் மாறினா வால்வுதான் குற்றவாளி. மாறலேன்னா குழாய் இணைப்பும் ரப்பர் தடுப்பும் சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. மோட்டாரைக் கடைசியில சந்தேகப்படுங்க. வால்வுக்குள்ள பிரஷ், விரல் எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணியில அலசி, விரலால வெளியே தேய்ச்சாப் போதும். தினம் மூணு தடவை எடுத்தா ரெண்டு மாசத்துக்கு ஒரு ஜோடி மாத்தணும், கையிருப்பு ரெண்டு ஜோடி வெச்சுக்கோங்க.

கழுவும்போது முதல்ல பச்சைத் தண்ணியில அலசுங்க, நேரா வெந்நீர்ல போட்டா பால் ஒட்டிக்கும். அப்புறம் தனி பேசின்ல சோப்பும் சூடுதண்ணியும். சிங்க்ல நேரா போடாதீங்க. துடைக்காம காய விடுங்க. குழாயையும் மோட்டாரையும் நனைக்கவே கூடாது. குழாய்க்குள்ள நீராவி படிஞ்சா, கிட்டிலிருந்து (புனல், வால்வு, பாட்டில் சேர்ந்த பகுதி) கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் மோட்டாரை ஓட விடுங்க, காஞ்சிடும். போர் தண்ணின்னா உப்பு படியும், கொதிக்க வைக்க ஆர்ஓ தண்ணி. ஆபீஸ்ல மூணு தடவை கழுவ நேரமில்லேன்னா ரெண்டாவது கிட் வாங்குறதுதான் நல்ல வழி, அந்தக் காசு வீண் போகாது.

கூவக்கரை

அறைக்காக மேலாளரிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே, வழக்கமான இடைவேளை போக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினம் 2 பாலூட்டும் இடைவேளை இருந்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. 10.30, 1.30, 4.30 என்று காலண்டரில் அடைத்துப் போடுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தோடு சேர்ந்துவிடும். ஒரு வேளையைத் தள்ளிப் போட்டுப் பால்கட்டு வந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவே எடுங்கள். முழுக்க வற்ற எடுக்கப் பார்த்தால் வீக்கம் கூடும். சிவந்த திட்டும் காய்ச்சலும் 24 மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஓஎம்ஆர்_பயணி

17 இன்சர்ட்டும் புது வால்வும் போட்டு, 4-ல் வெச்சேன். வலி இல்ல. இன்னைக்குக் காலையில 55.