ஹிப் ஹாப் ஆடை வணிகம்: ஃபூபூவைத் தூக்கிவிட்டது பாடகரா, முதலீடா?

நூல்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) வேலை பார்க்கிறேன். கடந்த சில பருவங்களாக எங்கள் கைக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பகுதி, தோள் இறங்கி உடல் அகன்ற, 240 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 240 கிராம்) கனமுள்ள டி-சர்ட்டுகளாகவும் ஹூடிகளாகவும் இருக்கின்றன. அளவுக் குறிப்பில் "90களின் ஹிப் ஹாப் அளவு" என்றே எழுதி அனுப்புகிறார்கள். ஒரு பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைப்பதற்காக எங்களோடு மூன்று நாள் மின்னஞ்சலில் மல்லுக்கட்டும் அதே வாடிக்கையாளர், அந்தச் சட்டையைத் தம் கடையில் என்ன விலைக்கு மாட்டுகிறார் என்பதை இணையத்தில் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

நானும் என் மைத்துனரும் சொந்தப் பெயரில் தெருப்பாணி ஆடைகள் செய்து விற்க எண்ணியிருக்கிறோம். அதற்கு முன், இந்தத் தொழிலை உண்டாக்கிய ஃபூபூ, கார்ல் கனாய், கிராஸ் கலர்ஸ் போன்ற அமெரிக்க ஆடை நிறுவனங்களின் வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். "ஒரு ராப் பாடகர் மேடையில் போட்டுக்கொண்டு நின்றால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்பது மைத்துனரின் கட்சி. எனக்கு அதில் அரை மனதுதான். ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே அணியாமல் இருந்திருந்தால் ஃபூபூ வளர்ந்திருக்காதா? அவ்வளவு உயரத்துக்குப் போன பெயர்கள் சில ஆண்டுகளிலேயே கடைகளிலிருந்து மறைந்தது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஜமைக்கா அவென்யூ எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் பதினெட்டு ஆண்டுகளாக நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கிறேன். மன்ஹாட்டனில் உள்ள மொத்த ஆடை வணிகர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆகவே இதை வரவு செலவுப் பேரேட்டின் பக்கமிருந்தே பார்ப்பேன். அந்தக் கோணல் என் பதிலில் இருக்கும்.

ஃபூபூவின் தொடக்கம் பாடகரிடத்தில் இல்லை, தொப்பியில் இருக்கிறது. அதை நிறுவிய டேமண்ட் ஜான் குவீன்ஸில் உள்ள ஹாலிஸ் என்ற பகுதியில் வளர்ந்தவர். உச்சியில் முடிச்சுப் போடும் கம்பளித் தொப்பி ஒன்று கடையில் 20 டாலருக்கு விற்பதைக் கண்டு, தாயாரிடம் கற்ற தையலை நம்பி, அடுத்த வீட்டு நண்பர் கார்ல்டன் பிரவுனோடு சேர்ந்து ஏறத்தாழ 90 தொப்பிகளைத் தைத்து, ஜமைக்கா அவென்யூ முனையில் ஒன்று 10 டாலர் என்று விற்றார். ஒரே நாளில் 800 டாலர் கையில் வந்தது. (என் புனைபெயரும் அந்தத் தெருவுக்கு நான் செய்யும் மரியாதைதான்.) 1992-ல் அது நிறுவனமானது. "நமக்காக, நம்மால்" என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். அதன் பிறகும் அவர் உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலையை விடவில்லை; ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில்தான் தையலும் விநியோகமும் நடந்தன.

பாடகர்களை அவர் பயன்படுத்திய விதத்தை உங்கள் மைத்துனர் கவனிக்க வேண்டும். சுமார் 10 ஐஸ் ஹாக்கி ஜெர்சிகளைத் தைத்து, இசைக் காணொளி எடுக்கும் இடங்களுக்குக் கொண்டுபோய், பாடகர்களுக்கு இரவலாகக் கொடுப்பார். படப்பிடிப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுப்பார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்துச் சட்டைகளே ஏறத்தாழ 30 காணொளிகளில் வந்துவிட்டன. பார்த்தவர்கள் இது பெரிய நிறுவனம் என்றே நம்பினார்கள். எல்.எல். கூல் ஜே அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர் என்பதால், 1993-ல் வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக் கேட்கும் உரிமை இவருக்கு இருந்தது. 1997-ல் அதே பாடகர் கேப் என்ற ஆடைப் பெருநிறுவனத்தின் விளம்பரத்திலேயே ஃபூபூ தொப்பியை அணிந்து, "நமக்காக, நம்மால்" என்ற தொடரையும் தம் ராப்பில் நுழைத்துவிட்டார். கேப் கொடுத்த காசில் ஃபூபூவுக்கு விளம்பரம் நடந்தது! இவற்றின் பலனை நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்குக்காரனுக்குத் தூக்கம் கெடுக்கும் பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. லாஸ் வேகாஸில் நடக்கும் ஆடை வணிகச் சந்தைக்கு இவர்கள் போனபோது, உள்ளே அரங்கு எடுக்கப் பணமில்லாமல் விடுதி அறையில் துணிகளை மாட்டிவைத்து வியாபாரிகளை அழைத்து வந்து காட்டினார்கள். மூன்று லட்சம் டாலருக்கு ஆர்டர் எழுதப்பட்டது. ஊருக்குத் திரும்பி அந்தத் தாள்களோடு கடன் கேட்டால், 27 வங்கிகள் கைவிரித்தன. தாயார் வீட்டை அடமானம் வைத்து ஒரு லட்சம் டாலர் திரட்டினார். அந்த வீட்டுக்குள்ளேயே தையல் எந்திரங்களைப் போட்டுத் தொழிற்சாலை ஆக்கினார்கள். அதுவும் கரைந்துபோகும் தறுவாயில், கைவசம் ஆர்டர் இருக்கிறது, முதல் போடுபவர் தேவை என்று தாயார் நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுக்க, அதன் வழியாகச் சாம்சங் குழுமத்தின் ஜவுளிப் பிரிவு வந்து சேர்ந்தது. 1998-ல் ஆண்டு விற்பனை 35 கோடி டாலரைத் தொட்டது அந்தப் பணமும் விநியோக வசதியும் சேர்ந்த பிறகுதான்.

துணிக்கும் தையல் கூலிக்கும் இன்று பணம் கொடுக்க வேண்டும். கடைக்காரரோ சரக்கு வந்து முப்பது, அறுபது நாள் கழித்துத்தான் காசோலை எழுதுவார். ஆகவே ஆர்டர் இரட்டிப்பானால், நீங்கள் வெளியே போட வேண்டிய பணமும் இரட்டிப்பாகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் எல்.சி.யைக் (அவரது வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதத்தை) காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் தரும் கடன்) வாங்கிப் பழகிய உங்களுக்கு, அந்த வசதி இல்லாமல் மூன்று லட்சம் டாலர் சரக்கை முடித்துக் கொடுப்பது எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. பாடகர் கொண்டுவந்தது ஆர்டரை. அதைச் சரக்காக மாற்றியது அந்த அம்மையாரின் வீட்டுப் பத்திரம்.

கட்டிங் டேபிள் எழுதியது:

மேலே எழுதிய அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் பேட்டர்ன் மாஸ்டர் (துணி வெட்டுவதற்கான அளவுப் படிவம் போடுபவர்) என்பதால் துணியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். புரூக்ளினில் வளர்ந்த கார்ல் வில்லியம்ஸ் இளம் வயதில் துணியை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துத் தனக்குப் பிடித்தபடி தைத்துக்கொண்டவர். "என்னால் முடியுமா?" என்ற ஆங்கிலக் கேள்வியின் ஒலியையே தமக்குப் பெயராக்கிக் கார்ல் கனாய் ஆனார். அந்நாளில் தொளதொளவென்று ஜீன்ஸ் அணிய விரும்பிய கறுப்பின இளைஞர்கள், தம் இடுப்பளவைவிடப் பல அங்குலம் பெரிய அளவை வாங்கி பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் இடுப்பைச் சரியான அளவில் வைத்து, தொடையையும் காலையும் மட்டும் அகலமாக வெட்டினார். கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் அந்த நாளைய பெரிய நிறுவனங்கள் எதுவும் இந்தப் பையன்களுக்காகப் பேட்டர்னைத் தொட முன்வரவில்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த இடைவெளி. எக்ஸ்.எல். அளவை எடுத்து "ஓவர்சைஸ்" என்று சீட்டு ஒட்டி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கழுத்து சரிந்து, கை முழங்கைக்குக் கீழே தொங்கும்போது வாங்கியவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். நீங்கள் முதலில் செலவிட வேண்டியது பேட்டர்னுக்கும் கழுத்தில் வைக்கும் ரிப் பட்டிக்கும்தான் என்பது என் கருத்து.

பழைய கேசட் எழுதியது:

பாட்டை இவ்வளவு எளிதாகப் பின்னுக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஹாலிஸிலிருந்து வந்த ரன் டி.எம்.சி. என்ற ராப் குழு 1986-ல் அடிடாஸ் காலணியைப் பற்றிப் பாடி, மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சியில் ரசிகர்களைக் காலணியைக் கழற்றி உயர்த்தச் சொன்னபோது, அரங்கில் இருந்த அடிடாஸ் அதிகாரி கண்ணெதிரே அத்தனை ஜோடிகளும் மேலே எழுந்தன. பத்து லட்சம் டாலருக்குக் குறையாத ஒப்பந்தம் அதன் பின் வந்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே அப்படிப் பணம் கொடுத்துவந்த தொழில், அன்றுதான் பாடகர்களையும் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் ஃபூபூ ஜெர்சியைக் காணொளியில் காட்டுவதால் பயன் உண்டு என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

உங்கள் கேள்வியில் விடுபட்டுப்போன ஒருவரையும் சேர்க்க விரும்புகிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125-ஆம் தெருவில் 1982-ல் கடை திறந்த தையற்காரர் டாப்பர் டான், குச்சி, லூயி வித்தோன், ஃபெண்டி ஆகிய ஆடம்பர ஆடை நிறுவனங்களின் முத்திரைகளைத் தாமே தோலில் அச்சிட்டு, அந்த நிறுவனங்கள் கனவிலும் நினைக்காத ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்தார். இரவு பகல் எந்நேரமும் கடை திறந்திருக்கும்; பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் வாடிக்கையாளர்கள். சோதனைகளும் வழக்குகளும் தொடர்ந்து 1992-ல் கடையை மூடவேண்டியதாயிற்று. (ஃபெண்டி தரப்பில் வந்த வழக்கறிஞர் சோனியா சோட்டோமேயர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார் என்பது இதில் ஒரு வேடிக்கை.) ஆனால் 2017-ல் குச்சி நிறுவனமே அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றை அப்படியே ஒத்த உடையை மேடையேற்றி, கண்டனம் கிளம்பியதும் அவரோடு கைகோத்து, 2018-ல் ஹார்லெமில் அவருக்குத் தையலகம் திறந்தது. திறமையிலோ வாடிக்கையாளர்களிலோ டாப்பர் டான் யாருக்கும் குறைந்தவர் அல்லர். தமக்கென்று ஒரு முத்திரை அவரிடம் அன்று இல்லை. ஃபூபூ, கார்ல் கனாய் ஆகியோர் தம் பெயரையே பெரிய எழுத்தில் மார்பில் போட்டதன் அருமை இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டர்ன் பற்றிய குறிப்பை எங்கள் சாம்பிள் பிரிவில் இன்றே காட்டினேன். ஜமைக்கா அவென்யூ அண்ணா, என் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை மீதமிருக்கிறது. பணமும் கிடைத்து, பெயரும் நிலைத்த பிறகு இவர்கள் சரிந்தது எதனால்? மைத்துனர், "ஃபேஷன் மாறிவிட்டது, அவ்வளவுதான்" என்கிறார்.

ஜமைக்கா அவென்யூ எழுதியது:

ஃபேஷன் மாறியது உண்மை. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே நாளில் மாறவில்லை. கிராஸ் கலர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் ஜோன்ஸும் டி.ஜே. வாக்கரும் 1989-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. வில் ஸ்மித் தம் தொலைக்காட்சித் தொடரில் அணிந்ததால் வீடுதோறும் தெரிந்த பெயர். கார்ல் கனாயும் முதலில் அவர்களுடைய குடையின் கீழ்தான் விற்றார். அவர்கள் சரக்கில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருந்தது மெரி-கோ-ரவுண்ட் என்ற கடைத்தொடர். அந்தத் தொடர் 1994 தொடக்கத்தில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. அதற்கு முன்பே அது தள்ளாடத் தொடங்கியிருந்ததால், வெட்டிய துணிக்கும் வரவேண்டிய பாக்கிக்கும் நடுவில் கிராஸ் கலர்ஸ் மாட்டிக்கொண்டது. அப்போது ஃபேஷன் மாறவில்லை. அதே ஆண்டு கார்ல் கனாய் தம் பெயரோடு தனியே வந்து அதே தொளதொள ஜீன்ஸை விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். ஒரே கடைக்காரரை நம்பியதன் விலை அது.

ஃபூபூவின் நோய் வேறு. கடைகள் கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள், சரக்கு தேங்கியது, தேங்கிய சரக்கு தள்ளுபடித் தட்டுக்குப் போனது. பாதி விலையில் குவியலாகக் கிடக்கும் சட்டையை, முழு விலை கொடுத்து வாங்கியவன் மறுபடி தொடமாட்டான். 2003 அளவில் அமெரிக்கச் சந்தையிலிருந்து பெரும்பாலும் விலகி, வெளிநாடுகளின் பக்கம் போய்விட்டார்கள். இதற்கு நேரெதிரான வழியில் போனது சுப்ரீம். 1994-ல் மன்ஹாட்டனில் ஸ்கேட்போர்டுக் கடையாகத் தொடங்கி, கேட்பதைவிட எப்போதும் குறைவாகவே செய்து, வியாழக்கிழமைதோறும் சிறு அளவில் சரக்கு இறக்கி, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று விட்டுவிட்டது. 2020-ல் வி.எஃப். என்ற ஆடைப் பெருநிறுவனம் அதை 210 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பெருநிறுவனத்தின் கையில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, 2024-ல் 150 கோடிக்குக் கைமாறியது. இந்த இரண்டு எண்களையும் மைத்துனரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு இருக்கும் ஒரு வசதி டேமண்ட் ஜானுக்கு இருக்கவில்லை. நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாம் உங்கள் ஊரில் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், ஒரு நிறத்தில் நூறு பீஸ் மட்டும் வெட்டி, விற்ற பணத்தில் அடுத்த நூறை வெட்ட உங்களால் முடியும். சாயப்பட்டறைக்காரர் அவ்வளவு சிறிய லாட்டை எடுக்கத் தயங்குவார் என்று நினைக்கிறேன். அதற்கு உங்கள் கம்பெனி ஆர்டர்களோடு ஓடும் நிறங்களையே முதல் பருவத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் முறைப்படி கேட்டுப் பாருங்கள்.

கட்டிங் டேபிள் எழுதியது:

கறுப்பும் அழுக்கு வெள்ளையும் எந்தப் பட்டறையிலும் தினமும் ஓடும் நிறங்கள்; சிறிய லாட்டுக்குப் பிரச்சினை வராது. காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கும் வேலை) முடிந்த துணியை ஒரு முறை துவைத்துச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பேட்டர்ன் தேவைப்பட்டால் தனிச்செய்தியில் அளவுகளை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.