வேலை கொடுத்தானா, வேலைக் கொடுத்தானா?

நன்னூல்பித்தன்:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார், "படித்துப் புரிந்துகொள்ள இலக்கணம் எதற்கு, நிறைய வாசித்தால் தானாகப் புரியும்" என்று. பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான். ஒரே ஒரு க். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' வெளிப்படையாக வந்தால் (வேல் + ஐ) அடுத்து வல்லின ஒற்று மிகும் என்று தெரியாதவர் இதை எப்படிப் பிரித்துப் படிப்பார்?

வாசகி77:
எழுதியது நான்தான், "ஒருவர்" இல்லை. இந்தக் காலத்தில் யார் யாருக்கு வேல் கொடுக்கிறார்கள்? முன்வரியில் போர்க்களம் இருந்தால் ஆயுதம், அலுவலகம் இருந்தால் பணி. க் இல்லாமலே புரியும். ஏழு வயதில் கதை படித்தபோது வேற்றுமை என்ற சொல்லே எனக்குத் தெரியாது.

கரையோரன்:
எனக்கு உதவியது ஒற்று இல்லை, எச்சம், அதாவது முடியாமல் நிற்கும் வினை. 'கதவைத் திறந்து நாய் ஓடியது' என்றால் கதவைத் திறந்ததே நாய்தான். 'திறந்ததும் நாய் ஓடியது' என்றால் திறந்தது வேறு யாராகவும் இருக்கலாம். நீளமான வாக்கியம் வந்தால் முதலில் கடைசியிலுள்ள வினைமுற்றைப் பிடிப்பேன், அதைச் செய்தது யார் என்று கேட்பேன், அப்புறம் எச்சங்களை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்துப் பார்ப்பேன். பத்திரம், ஒப்பந்தம் எல்லாம் இப்படித்தான் படிக்கிறேன்.

நன்னூல்பித்தன்:
அது சரி, ஆனால் என் வேலுக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்றும் தருகிறேன். 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. இலக்கணம்தான் வாக்கியத்தை பிரிக்க கற்றுத் தருகிறது, சும்மா பக்கம் புரட்டினால் வராது.

வாசகி77:
"வாக்கியத்தைப் பிரிக்கக் கற்று". ஒரே வரியில் இரண்டு ஒற்றை விட்டுவிட்டீர்கள். எனக்கு முழுசாகப் புரிந்தது. இதைத்தான் நான் சொல்கிறேன்.

நன்னூல்பித்தன்:
கைபேசியில் அவசரமாகத் தட்டியது. பிழையைக் கண்டுபிடிக்க உங்களுக்கும் இலக்கணம்தானே தேவைப்பட்டது?

சுவடிக்கட்டு:
ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். க, க் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அப்படியும் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்களே.

நன்னூல்பித்தன்:
ஐயா, அது என் பக்கத்து வாதம்! புள்ளி இல்லாத ஏட்டை அவர்கள் படித்தது இலக்கணத்தை நெஞ்சில் வைத்திருந்ததால். எங்கே மெய் வரும், எங்கே உயிர்மெய் வரும் என்பதைப் சொற்கள் சேரும் புணர்ச்சி விதியும் செய்யுளின் யாப்பும் காட்டிக் கொடுத்தன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுத்தையும் சொல்லையும் விளக்கினார், அதை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாத நமக்கு அச்சிலிருக்கும் க் கூடத் தேவையில்லை என்றால் எப்படி?

வாசகி77:
'புலி கொன்ற யானை'. புலி யானையைக் கொன்றதா, யானை புலியைக் கொன்றதா? உங்கள் ஒற்று எங்கே போயிற்று? முன்பின் வரியைப் பார்த்தால்தான் தெரியும்.

நன்னூல்பித்தன்:
அதில் இரண்டு பொருள் இருக்கிறது என்று கண்டுகொள்வதே இலக்கண அறிவு. 'கொன்ற' போன்ற பெயரெச்சம் தெரியாதவர் மனதில் முதலில் தோன்றியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார், முன்பின் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. வேலுக்கு வாருங்கள்.

வாசகி77:
வர மாட்டேன். போன மாதம் 'முயற்சித்தேன்' என்று எழுதியதற்காக என் நூல் அறிமுகத்தையே ஓரங்கட்டியவர் நீங்கள். நான் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப் பண்ணினால் புதிதாக வாசிக்க வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள்.

சுவடிக்கட்டு:
'முயற்சித்தேன்' இப்போது எல்லோரும் எழுதுகிறார்களே, அதில் என்ன தப்பு?

நன்னூல்பித்தன்:
தப்புதான். முயற்சி பெயர்ச்சொல், முயன்றேன் என்பதே வினை. அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே நான் கேட்டது ஒன்றே ஒன்று. முன்வரி இல்லை, பின்வரி இல்லை, 'வேலைக் கொடுத்தான்' என்று மட்டும் தாளில் இருக்கிறது. என்ன கொடுத்தான்?

வாசகி77:
முன்வரியும் பின்வரியும் இல்லாமல் யார் எதைப் படிக்கிறார்கள்?