சாண்ட்விச் எலிசாவுக்கு ‘இருபிடிச் சோதனை’

நண்பர்களுக்கு வணக்கம்.

உணவில் கலந்துள்ள பாக்டீரிய நச்சுகளைக் கண்டறியும் சாண்ட்விச் எலிசாவுக்கு (எலிசா என்பது, குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் ‘எதிர்ப்பொருள்’ எனும் புரதத்தையும் நொதியையும் கொண்டு செய்யும் ஆய்வகச் சோதனை) ‘அடுக்குச் சோதனை’ என்று பெயரிடலாம் என முன்மொழியப்பட்டுள்ளது. சொல்ல எளிதுதான், ஆனால் எலிசாவின் பிற வகைகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் அமைவதால், இந்த வகையை அச்சொல் பிரித்துக் காட்டாது. ‘இருபிடிச் சோதனை’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் குடல்நச்சை எடுத்துக்கொள்வோம். பாலைக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். அது முன்பே சுரந்துவிட்ட நச்சோ கொதிநிலையிலும் எளிதில் அழியாது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதற்கு இதுவே காரணம்: மின்தடையின்போது குளிரூட்டப்படாமல் கிடந்த பாலில் பெருகிய கிருமி பின்னர் சூட்டில் அழிந்துபோக, அதன் ஏ வகை நச்சு மட்டும் பால்பொடியில் தங்கிவிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை இங்கே பயன்படாது. நச்சையே பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் (நாற்று வளர்ப்போர் புழங்கும் ‘குழித்தட்டு’ இதற்கும் நன்றாகப் பொருந்தும்) ஒவ்வொரு குழியின் அடியிலும் ஓர் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். உணவிலிருந்து எடுத்த சாற்றை விட்டால், அந்த எதிர்ப்பொருள் நச்சு மூலக்கூறை ஓரிடத்தில் பற்றிக்கொள்ளும். கழுவியபின் சேர்க்கும், நொதி பிணைத்த மற்றோர் எதிர்ப்பொருள் அதே மூலக்கூறை வேறோரிடத்தில் பற்றும். மீண்டும் கழுவி, நொதியால் நிறம் மாறும் பொருளைச் சேர்த்தால் குழியில் நீலம் படரும். அமிலம் விட்டால் அது மஞ்சளாகும். நச்சு மிகுந்தால் நிறமும் மிகும்.

இரண்டு பிடிக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு நச்சு பெரிய மூலக்கூறாக இருக்க வேண்டும் என்பதை இந்தப் பெயரே உணர்த்திவிடுகிறது. நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் மிகச் சிறியது. அதற்குப் போட்டிமுறைச் சோதனையே வழக்கம்: சாற்றிலுள்ள நச்சும் நொதி பிணைத்த நச்சும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டியிடுவதால், அங்கே சாற்றில் நச்சு மிகுந்தால் நிறம் குறையும். ‘அடுக்கு’ என்ற சொல்லால் இந்த வேறுபாட்டை உணர்த்த முடியாது.

முதல் எதிர்ப்பொருளைப் ‘பற்றும் எதிர்ப்பொருள்’ என்றும், இரண்டாவதைச் ‘சுட்டும் எதிர்ப்பொருள்’ என்றும் சொல்லலாம். ‘சுட்டு’ என்று சுருக்கினால் சுடுதல் என்ற பொருள் குறுக்கிடும் என்பதால் ‘சுட்டும்’ என்றே இருக்கட்டும். இலங்கை வழக்கான ‘பிறபொருளெதிரி’யையும் அகராதிப் பதிவில் இணையாகத் தர வேண்டும்.

இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும். இதே கிருமி உண்டாக்கும் புரதம் ஏ, முயல் எதிர்ப்பொருள்களின் வால்பகுதியைப் பற்றிக்கொள்வதால், நச்சே இல்லாத சாற்றிலும் நிறம் தோன்றிவிடலாம். கோழி முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருளை அப்புரதம் பற்றாது என்பதால், சோதனையை உருவாக்குவோர் அதையும் நாடுகிறார்கள். இந்தத் தவறான பிணைப்பைப் ‘பொய்ப்பிடி’ என்று அழைக்கலாமா?