ஹோல்ஸ்டைனை டென்மார்க்கின் நிறத்தில் தீட்டலாமா?

வரைபடப்பிரியன்:
1460 முதல் 1864 வரை, இன்றைய வட ஜெர்மனியிலுள்ள ஹோல்ஸ்டைன் முழுவதையும் டென்மார்க்கின் சிவப்பில் காட்டும் வரைபடம் இங்கே சுற்றுகிறது. அது தவறு. 1460-ல் ரிபே நகரில் ஹோல்ஸ்டைன் பிரபுக்கள் டென்மார்க் அரசர் முதலாம் கிறிஸ்டியானைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். 1474-ல் ஹோல்ஸ்டைனை டியூக் நாடாக உயர்த்தியவர் ஜெர்மன் பேரரசர் மூன்றாம் பிரெடரிக். அங்கே டென்மார்க் அரசர் அந்தப் பேரரசருக்குக் கட்டுப்பட்ட டியூக் மட்டுமே. அதுவும் முழு நாடும் அவரிடம் இல்லை. 1544 பங்கீட்டில் ஒரு பகுதி அரச குடும்பத்தின் கோட்டோர்ப் கிளைக்குப் போனது. கீல் நகரம் 1773 வரை அவர்கள் கையில்தான். அந்த ஆண்டு தம் கையிலிருந்த வேறு இரு ஜெர்மன் பகுதிகளான ஓல்டன்பர்கையும் டெல்மென்ஹோர்ஸ்டையும் கொடுத்துத்தான் அரசர் அதைப் பெற்றார்.

ஏட்டுச்சுவடி:
1806 வரை சரி, ஐயா. அந்த ஆகஸ்டில் பேரரசு கலைந்தது. செப்டம்பர் 9-லேயே ஹோல்ஸ்டைனை டென்மார்க் முடியாட்சியோடு இணைத்து ஆணை வந்துவிட்டது. 1813-ல் டென்மார்க் நிதி நொடித்தபோது, புது அரச வங்கி நிலம், வீடு எல்லாவற்றின் மதிப்பிலும் 6% மீது முதல் அடமான உரிமை எடுத்துக்கொண்டது. ஹோல்ஸ்டைன்காரரின் சொத்தும் அதில் தப்பவில்லை. சுமையை இழுக்கும்போது ஒரே நாடு, வரைபடத்தில் மட்டும் வேறு நாடா?

வரைபடப்பிரியன்:
அந்த ஆணையின் சொல்லைப் பாருங்கள். வரைவில் "பிரிக்க முடியாத" பகுதி என்று இருந்தது. அரச குடும்பத்தின் இன்னொரு கிளையான அகஸ்டன்பர்க் டியூக் தம் குடும்பத்தின் வாரிசுரிமையைக் காட்டி எதிர்த்தார். ஆணையில் வந்தது "பிரிக்கப்படாத" என்ற சொல். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் பின்னால் போரானது. 1815-லோ ஹோல்ஸ்டைன் ஜெர்மன் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது.

கரையோரன்:
டென்மார்க்கின் குடியேற்றமாக இருந்த தரங்கம்பாடியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1845-ல் டென்மார்க் அரசர் எட்டாம் கிறிஸ்டியான் அதை ஆங்கிலேயரிடம் விற்றார். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டே, ஹோல்ஸ்டைனின் சில பகுதிகளில் தம் வாரிசுரிமை ஐயத்துக்கு இடமானது என்று பகிரங்கக் கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஹோல்ஸ்டைனை அடுத்துள்ள டியூக் நாடான லாவன்பர்க்கின் கதை வேறு. 1814-ல் நார்வே போனதற்கு ஈடாகக் கிடைத்த ஸ்வீடிஷ் பொமரேனியாவைப் பிரஷ்யாவிடம் கொடுத்து, 1815-ல் வாங்கியது அது. ரிபே போன்ற தேர்வு எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:
வாரிசுரிமை வாதத்தை ஏற்கிறேன். 1863 நவம்பர் அரசமைப்பிலும் டென்மார்க்கோடு, ஹோல்ஸ்டைனுக்கு வடக்கிலுள்ள ஷ்லேஸ்விக்கைத்தான் சேர்த்தார்கள், ஹோல்ஸ்டைனை விட்டுவிட்டார்கள். ஆனால் 1806 முதல் 1815 வரை முழுச் சிவப்பு வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன். மற்ற ஆண்டுகளுக்குக் கோடுபோட்ட சிவப்பு, 1773 வரை கோட்டோர்ப் பகுதிக்குத் தனி நிறம். லாவன்பர்க் 1815-க்கு முன் வரவே கூடாது.