நடுவழியில் அணைந்துபோகும் வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?

சத்துவாச்சாரி வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து வருகிறேன். நாள்தோறும் தேசிய நெடுஞ்சாலையில் போய்வர வேண்டியிருப்பதால், இழுவை நன்றாக இருக்க வேண்டும் என்று 160 சிசி பிரிவில் ஒரு வண்டியை எடுத்தேன். யாரையும் தூற்றுவது என் நோக்கம் அன்று என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் வேகத்தைக் குறைத்துக் கிளட்சைப் பிடித்தால் வண்டி தானாக அணைந்துவிடுகிறது. கிரீன் சர்க்கிளில் பேருந்துகள் பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அப்படி அணைந்துவிட்டால், செல்ஃப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் சுற்றுகிறதே தவிரப் பற்றுவதில்லை. ஓரமாகத் தள்ளிச் சென்று சற்று நேரம் ஆறவிட்ட பிறகு ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள், பில்லும் கொடுத்தார்கள். குறை மட்டும் தீரவில்லை. காலையில் விட்டால் அவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி ஆறியே இருக்கும். ஆகவே "எங்களிடம் நிற்கவே இல்லை" என்ற பதிலே கிடைக்கிறது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தின் மேல் வரும்போது நின்றுபோனதிலிருந்து எனக்கு இந்த வண்டியின் மேல் நம்பிக்கை இல்லை.

ஹோண்டா யூனிகார்ன், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி, யமஹா எஃப்இசட் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாறலாம் என்று எண்ணுகிறேன். இருப்பதை எக்ஸ்சேஞ்சில் விடுவதா, நேரடியாக விற்பதா? வாங்குபவரிடம் இந்தக் குறையைச் சொல்லி விற்றால் விலை எவ்வளவு அடிபடும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காடு சாலை மெக்கானிக்:

தம்பி, விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிக்குக் காரணங்கள் மிகச் சில. அவற்றை நின்ற இடத்திலேயே பிரித்தறிய முடியும். ஆறிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், அடுத்த முறை நின்றவுடன் பதற்றப்படாமல் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில், மீட்டர் போர்டு எரிந்துகொண்டே இருக்கிறதா, அதுவும் சேர்ந்து அணைகிறதா என்று பாருங்கள். சேர்ந்து அணைந்தால் பேட்டரி முனை, ஃபியூஸ், சாவித் துவாரத்தின் வயர் ஆகியவற்றில்தான் கோளாறு. உங்கள் வண்டியில் செல்ஃப் சுற்றுகிறது என்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. மீட்டர் எரிகிறது என்றால் சாவியை அணைத்து மீண்டும் போடுங்கள். பெட்ரோல் டேங்கின் அடியிலிருந்து இரண்டு மூன்று நொடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது பம்ப் ஓடும் ஓசை. கேட்கவில்லை என்றால் பம்ப் அல்லது அதற்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலேயைப் பார்க்க வேண்டும். கேட்கிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம் வந்து, உடனே வண்டி கிளம்பினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பெரிய செலவே இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால், என் சந்தேகம் பல்சர் காயில் மேல்தான் போகும். கிராங்க் சுற்றும் நிலையை எஞ்சின் கணினிக்குச் சொல்லும் சென்சார் அது. அதன் உள்ளே உள்ள மெல்லிய கம்பியில் விரிசல் விழுந்திருந்தால், சூட்டில் விரிந்து இணைப்பு அறுந்துவிடும். ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் மே மாத வெயிலில், 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், இந்தக் குறை அடிக்கடி தலைகாட்டும். மல்டிமீட்டரை வைத்து, சூடாக இருக்கும்போது ஒரு முறையும் ஆறிய பின் ஒரு முறையும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். சைடு ஸ்டாண்டு சுவிட்சையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் சேறு புகுந்து எஞ்சினை நிறுத்திய வண்டிகள் என் கடைக்கு வந்ததுண்டு. நின்ற வண்டியை ஆறவிடாமல் தள்ளு வண்டியில் ஏற்றியாவது பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

குடியாத்தம் நண்பர்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் குறை சரியானாலும் வண்டியைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் போகும்போது "இப்போது நின்றுவிடுமோ" என்று நினைத்துக்கொண்டே ஓட்டுபவர் கவனமாக ஓட்ட முடியாது.

நீங்கள் சொன்ன மூன்றும் வெவ்வேறு குணம் உள்ளவை. யூனிகார்னில் இருப்பது 162.7 சிசி கொண்ட எளிய காற்றுக் குளிர்ச்சி எஞ்சின். வேகத்துக்காக எடுப்பவர்கள் ஏமாறுவார்கள், அலுவலகம் போய்வர எடுப்பவர்களுக்கு ஏற்றது. அப்பாச்சி 160 4வியில் நான்கு வால்வுகளும் ஆயில் கூலரும் இருப்பதால் நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது கூடுதல் தெம்பு தெரியும். எஃப்இசட் 149 சிசிதான், ஆனால் உட்காரும் வாகும் திருப்பங்களில் நிதானமும் எனக்குப் பிடித்தவை. ஓசூரிலும் ஒரகடம் பக்கத்திலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பதற்காக உதிரிப்பாகம் வேலூரில் உடனே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஷோரூமுக்குப் போனால் விற்பனையாளரிடம் பேசுவதற்கு முன் பின்புறம் உள்ள சர்வீஸ் பகுதிக்குச் சென்று, கிளட்ச் கேபிள், பல்சர் காயில், பெட்ரோல் பம்ப் மூன்றும் கையிருப்பில் உண்டா, ஆர்டர் போட வேண்டுமா என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் நான் நிறுவனத்தை மாற்றினேன்.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதிய வண்டியே மலிந்துவிட்டதால் பழைய வண்டிக்கு முன்பு கேட்ட விலையை இப்போது யாரும் தரமாட்டார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் ஊழியர்:

விற்பனையை விட எனக்குக் கவலை தருவது பெயர் மாற்றம். பணத்தை வாங்கிக்கொண்டு, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடுபவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் மாறாத வரை, அந்த வண்டி விபத்தில் சிக்கினால் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சித்தூரிலிருந்து யாராவது வாங்க வந்தால் அது வேறு மாநிலம் என்பதால் படிவம் 28இல் தடையில்லாச் சான்றும் தேவைப்படும். தவணையில் எடுத்த வண்டி என்றால், கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கலாம். படிவம் 35ஐக் கொடுத்து அதை முதலில் நீக்குங்கள்.

இன்னொன்று: இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காமல் சேர்த்து வைத்த போனஸ் தள்ளுபடி உங்களுக்கு உரியது, வண்டிக்கு உரியது அன்று. விற்ற ஆதாரத்தைக் காட்டி அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், புதிய வண்டியின் சொந்தச் சேத (நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான) பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சில் விடுவதானாலும், பெயர் யாருக்கு எப்போது மாறும் என்பதை ஷோரூமிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சத்துவாச்சாரி வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்னபடியே வாலாஜா சுங்கச்சாவடி அருகே நின்றபோது பார்த்தேன். மீட்டர் எரிந்தது, பம்ப் ஓசை கேட்டது, மூடியைத் திறந்தும் பயனில்லை. சூட்டோடு பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய் மல்டிமீட்டர் வைத்ததில் பல்சர் காயில் இணைப்பு அறுந்ததாகவே காட்டியது. ஆறிய பிறகு அளவு சரியாக வந்தது. புதியது போட்டாயிற்று, அதன் பிறகு ஒரு முறையும் நிற்கவில்லை.

ஆனாலும் விற்பது என்ற முடிவில் மாற்றமில்லை. என் மனைவி இனி அதில் ஏற மறுக்கிறார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காயில் மாற்றிய பில்லையும் பழைய காயிலையும் வாங்குபவரிடம் காட்டி, நடந்ததை முழுவதுமாகச் சொல்லித்தான் விற்கப் போகிறேன். காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்து பெயர் மாற்ற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கைமாற்றுவது என்று பேசியிருக்கிறோம். இந்த வாரம் மூன்று ஷோரூம்களின் சர்வீஸ் பகுதிக்கும் போய்க் கையிருப்பு கேட்டுவிட்டு எழுதுகிறேன். அண்ணா, புதிய வண்டியில் முதல் சர்வீஸுக்கு முன் எவ்வளவு வேகத்துக்குள் ஓட்ட வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.