எச்-1பி: உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி காட்ட வேண்டுமா?

கீழவாசல்:
தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால்தான் எச்-1பி-யில் (வெளிநாட்டு வல்லுநரை அமெரிக்காவில் வேலைக்கு எடுக்கும் தற்காலிக விசா) ஆள் எடுக்க முடியும் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியானால் 2015-இல் ஆர்லாண்டோ டிஸ்னியில் ஐடி ஊழியர் சுமார் 250 பேரை அனுப்பிவிட்டு, போகும் முன் அவர்களில் பலரையே எச்-1பி-யில் வந்த புது ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வைத்தது எப்படிச் செல்லுபடியானது?

மேசைவிளக்கு:
அந்த நிபந்தனை பொதுவாக எச்-1பி-க்குக் கிடையாது. விளம்பரம் கொடுத்து, விண்ணப்பித்தவர்களைப் பரிசீலித்துக் காட்டுவதெல்லாம் பெர்ம். அது கிரீன் கார்டுக்கானது. எச்-1பி-க்கு அதற்குப் பதிலாகத் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற 9035 படிவம் கொடுத்தால் போதும். தன்னிடம் அதே வேலை பார்ப்பவர்களுக்குத் தரும் சம்பளம், அந்த ஊரின் நடப்புச் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதைத் தருவேன் என்று கம்பெனி உறுதி கூறுகிறது. தொழிலாளர் துறை 7 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். படிவம் முழுமையா, வெளிப்படையான தவறு உண்டா என்பதைத் தாண்டி அப்போது எதையும் தோண்ட முடியாது.

நெல்லிமரம்:
ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, ஊரின் நடப்புச் சம்பளத்தை நான்காகப் பிரிக்கும் சம்பள லெவல். ஒரு ஊரில் அதே வேலை பார்க்கும் 100 பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், லெவல் 1 கீழிருந்து 17-ஆவது ஆள், லெவல் 2 34-ஆவது, லெவல் 3 50-ஆவது, லெவல் 4 67-ஆவது. அதாவது முதல் இரண்டு லெவலும் நடுச் சம்பளத்துக்குக் கீழே. வேலை கேட்கும் அனுபவம், படிப்பு, மேற்பார்வைப் பொறுப்பை வைத்து லெவல் குறிக்க வேண்டும், குறிப்பது கம்பெனியேதான். ஐந்து வருட அனுபவம் கேட்கும் வேலையை லெவல் 1 என்று போட்டால் அது தவறு, ஆனால் எல்சிஏ கட்டத்தில் பிடிபடாது. வேலைப் பிரிவின் எண்ணைக் குறைந்த சம்பளப் பிரிவுக்கு மாற்றிப் போடுவதும் இதே வகை.

இரண்டாவதுதான் டிஸ்னி விஷயம். 51 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பி என்றால் அது "டிபென்டன்ட்", அதாவது எச்-1பி-யை நம்பியிருக்கும் கம்பெனி. அதற்குக் கூடுதல் கடமை உண்டு: உள்ளூரில் ஆள் தேட வேண்டும், விண்ணப்பத்துக்கு 90 நாள் முன்னும் பின்னும் உள்ளூர் ஆளை நீக்கி அந்த இடத்தை நிரப்பக்கூடாது. ஆனால் அந்த எச்-1பி ஊழியருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தாலோ, அவர் துறை சார்ந்த முதுகலை படித்திருந்தாலோ விலக்கு. 1998-இல் எழுதிய தொகை, இன்றுவரை ஒரு டாலர் ஏறவில்லை. ஐடி வேலையில் அதைத் தாண்டாதவர் குறைவு. போதாததற்கு, டிஸ்னிக்கு வந்த புது ஆட்கள் கான்ட்ராக்டர் கம்பெனியின் ஊழியர்கள். எல்சிஏ-வில் கையெழுத்துப் போட்டதும் அதுதான். நீக்கப்பட்டவர்கள் போட்ட வழக்குகளை ஃப்ளோரிடா ஃபெடரல் கோர்ட் 2016-இல் தள்ளிவிட்டது. இந்த 60,000-ஐ அப்படியே விட்டுவைத்து உள்ளூர் வேலையைக் காப்போம் என்று பேசுவதில் பொருளே இல்லை.

தாழம்பூ:
கையில் உள்ள வழிகளையும் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும் இடத்தில், அது கிளையன்ட் ஆபீஸாக இருந்தாலும், எல்சிஏ அறிவிப்பு இரண்டு இடங்களில் 10 நாள் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். எல்சிஏ போட்ட ஒரு வேலை நாளுக்குள் "பப்ளிக் அக்சஸ் ஃபைல்" தயாராக இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், ஊழியராக இருக்க வேண்டியதில்லை. லெவலும் வேலைப் பிரிவும் பொருந்துகிறதா என்று அதில் பாருங்கள். தப்பு தெரிந்தால் தொழிலாளர் துறைக்கு டபிள்யூஎச்-4 படிவத்தில் 12 மாதத்துக்குள் புகார். பிராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளத்தை நிறுத்துவதும் விதிமீறல், அதற்கும் இதே படிவம்தான்.

புகார் குறைவாக வருவதற்குக் காரணம் உண்டு. எச்-1பி ஊழியருக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுப் போகவோ 60 நாள் வரைதான் அவகாசம். ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு இருப்பதால் இந்தியாவில் பிறந்தவர் கிரீன் கார்டுக்குப் பல வருடம் காத்திருக்கிறார். அந்த நிலையில் இருப்பவர் சம்பளத்தை உயர்த்திக் கேட்பது கஷ்டம், பக்கத்து மேசை அமெரிக்கரின் பேரமும் அதனால்தான் பலவீனமாகிறது.

கீழவாசல்:
2025-இல் வந்த 1,00,000 டாலர் கட்டணம் இதை மாற்றுமா?

நெல்லிமரம்:
அது 2025 செப்டம்பர் 21 முதல், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் போடும் புதிய மனுக்களுக்கு. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் நீட்டிப்புக்கு இல்லை. லெவல் முறையையும் 60,000 விலக்கையும் அது தொடவில்லை. விலக்கை மாற்ற அமெரிக்க காங்கிரஸ்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும்.