சார்த்தர் சொல்ற சுதந்திரம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்கும் பொருந்துமா?

குன்னூர்_மூடுபனி: நேத்து டால்ஃபின் நோஸ் பாறை முனைல கம்பியப் புடிச்சு கீழ பாத்தப்ப பிரெஞ்சு தத்துவவாதி சார்த்தர் 1943ல எழுதுன 'இருத்தலும் இன்மையும்' புத்தகம் ஞாபகம் வந்துச்சு. பள்ளத்த ஒட்டி நடக்கறவனப் பத்தி சொல்வாரு, கால் வழுக்கிடுமோங்கறது பயம், ஆனா நானே ஏதாச்சும் செஞ்சுக்குவேனோ, தடுக்க உள்ள ஒண்ணுமே இல்லையேன்னு வர்ற பதைப்பு வேற. நேத்து எடுத்த முடிவு இன்னிக்கு என்னைக் கட்டாது, திரும்பவும் எடுக்கணும். பிரக்ஞைங்கறது, அதாவது நம்ம உணர்வு, ஒரு பொருள் இல்ல, எப்பவும் வேற எதையோ நோக்கிப் போறது, இது ஹுஸ்ஸர்ல்ங்கற தத்துவவாதிகிட்டருந்து அவர் எடுத்துக்கிட்டது. அதனால 'என் கொணமே இப்படித்தான்'னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. மனுசன் முழுசா சுதந்திரமானவன், இதுல பாதி கீதி கிடையாது.

கோத்தகிரி_பேத்தி: தம்பி, எட்டிப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பறவங்களுக்கு இது சரி. என் பாட்டி சிலோன் தோட்டத்துல பொறந்தவங்க. 1964 அக்டோபர் 30ந் தேதி சிலோன் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயேன்னு பிரிச்சாங்க, பாட்டி மாதிரி ஆளுங்கள ஒரு வார்த்த கேக்கல. அதே மாசம் 22ந் தேதி சார்த்தருக்கு நோபல் அறிவிச்சாங்க, வேணாம்னுட்டாரு. அவர் வேணாம்னா அது எடுபட்டுச்சு. பாட்டி கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல கெடந்து, கடைசில இந்தக் குளிர்ல ஒரு லயன் வீட்டுக்கு, தோட்டத் தொழிலாளிங்களுக்குக் கட்டுன வரிசை வீட்டுக்கு, வந்து சேந்தாங்க. அவங்களப் பாத்து முழு சுதந்திரம்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

குன்னூர்_மூடுபனி: அக்கா, சூழ்நிலையே இல்லன்னு அவர் சொல்லல. பொறந்த எடம், உடம்பு, நடந்து முடிஞ்சது எதுவும் நம்ம கையில இல்ல, அதுக்கு என்ன அர்த்தம் குடுக்கறோங்கறது மட்டுந்தான் நம்மளது. ஏற நெனைக்கிறவனுக்குத்தான் பாறை தடை, பாக்க வந்தவனுக்கு அது அழகு. அவரே 1940ல ஜெர்மன்காரங்ககிட்ட போர்க்கைதியா இருந்தவரு. அப்பறம் இது பாட்டியக் குத்தம் சொல்ற தத்துவம் இல்ல, பறிச்ச கொழுந்தோட எடையக் கொறைச்சு எழுதிட்டு 'மேல சொன்னாங்க, நான் செஞ்சேன்'கிற சூப்பர்வைசர் இருக்கான் பாருங்க, அவன் சட்டையத்தான் புடிக்குது. வெயிட்டரத் தவிர நான் வேற ஒண்ணுமே இல்லங்கற மாதிரி நடிக்கிற ஒரு காபிக்கடை வெயிட்டரக் காட்டி சுயவஞ்சனை, அதாவது தன்னையே ஏமாத்திக்கறதுன்னு சார்த்தர் சொன்னாரே, அதான் இது.

கோத்தகிரி_பேத்தி: சூப்பர்வைசர் விஷயம் ஒத்துக்கறேன், மனசுல தச்ச மாதிரி சொன்னீங்க. ஆனா அர்த்தம் குடுக்கறதுக்கே உள்ள கொஞ்சம் எடம் வேணும்ல? சார்த்தரோட துணையா இருந்த எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் இதுக்குத்தான் அவர்கிட்டயே வாதாடுனாங்க, அந்தப்புரத்துல பூட்டி வச்ச பொண்ணுக்கு என்ன சுதந்திரம்னு. இன்னொரு பிரெஞ்சு தத்துவவாதி மெர்லோ-போந்தியும் 1945ல எழுதுனாரு, 20 வருசம் தாழ்வு மனசோட வாழ்ந்தவன் ஒரு நொடியில மாறிடுவான்னு நம்ப முடியாதுன்னு. பாட்டி கொழுந்து கிள்றத பாத்திருக்கேன், எங்கிட்ட பேசிட்டே இருப்பாங்க, விரல் பாட்டுக்கு ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு எடுத்துக்கிட்டே போகும். அந்த விரல்ல தோட்டமே ஏறி உக்காந்திருக்கு, அத ஒரு முடிவால எறக்கி வைக்க முடியுமா?

கூடலூர்_ரோடு: ரெண்டு பேருமே 1940கள்லயே நிக்கறீங்க. 1960ல எழுதுன புத்தகத்துல பஸ்ஸுக்கு வரிசைல நிக்கறவங்களப் பத்தி சார்த்தரே பேசறாரு, பக்கத்துல நின்னாலும் தனித்தனி ஆளுங்க, இவங்க எப்ப ஒண்ணா சேருவாங்கன்னு. அதப் படிச்சுட்டு வாங்க.

குன்னூர்_மூடுபனி: படிக்கறேன் அண்ணே. அக்கா ஒண்ணே ஒண்ணு, பாட்டி ஒரு தடவையாச்சும் 'முடியாது'ன்னு சொன்னதே இல்லையா?

கோத்தகிரி_பேத்தி: சொல்லியிருக்காங்க. ஒரு நா எடை கொறைச்சப்ப கூடைய எறக்கி வச்சுட்டு அங்கயே உக்காந்துட்டாங்க. இதோ சுதந்திரம்னு நீங்க சொல்வீங்க. ஆனா பாட்டி அதச் சொல்றப்ப 'நான் உக்காந்தேன்'னு ஒரு நாளும் சொன்னதில்ல, 'நாங்க உக்காந்தோம்'னுதான் சொல்வாங்க, பன்னெண்டு பேராம், யாரு மொதல்ல கூடைய எறக்குனதுன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாதாம்.